மாற்றியமைத்த விளையாட்டுக் கருவிக்கு ஆயுள் தடையா?



வீடியோ கேம் பற்றி ஒரு சொற்பொழிவா என்ற கேள்வி பெரியவர்கள் சிலரின் முகத்தில் தெரிகிறது. பணத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுக் கருவியின் விலை அதைவிட அதிகம். ஒரு தொழிலாளியின் ஒரு மாத உழைப்பைத் தின்கிற பொருள் அது. அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும், எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் நிறுவனம் ஒரு பொத்தானைத் தட்டி, 'இனி இந்தக் கருவி எங்கள் இணையத்துக்குள் வரக்கூடாது' என்று முடிவு செய்துவிடலாம். காரணம் கேட்டால் ஒரு பிழை எண் மட்டும் திரையில் வரும். இந்த அதிகாரம் எதுவரை நியாயம், எங்கே அது எல்லை மீறுகிறது என்பதுதான் இன்று நான் பேச வந்தது.

இந்தக் கதைக்கு நம் ஊரிலும் வேர் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் பினாங்கில் கொம்தார் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும். கடையில் பிளேஸ்டேஷன் வாங்கப் போனால் முதல் கேள்வியே 'சிப் போட்டதா, போடாததா?' என்பதுதான். போடாததை வாங்குபவர் அபூர்வம். அசல் கேம் ஒன்று நூற்றைம்பது, இருநூறு வெள்ளி விற்ற காலத்தில், இரவுச் சந்தையில் அதே கேமின் கள்ளப் பதிப்பு ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் கிடைத்தது. அப்பாவின் சம்பளத்தில் அசல் வாங்க வழியில்லை. அதனால் ஒரு தலைமுறையே சிப் போட்ட கருவியில் விளையாடி வளர்ந்தது.

அந்தச் சிப் என்ன செய்தது என்று பார்ப்போம். சோனி தயாரித்த அசல் வட்டின் உள்விளிம்பில் தடம் ஒரு குறிப்பிட்ட விதத்தில் நெளிந்து ஓடும். அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று ஒளிந்திருக்கும். ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. வீட்டுக் கணினியில் இருக்கும் சிடி எழுதியால் அந்த நெளிவை உண்டாக்க முடியாது. கருவி அந்த எழுத்துகளைத் தேடும், இல்லையென்றால் ஓடாது. சிப், வட்டில் இல்லாத எழுத்துகளைத் தானே கருவிக்குச் சொல்லிவிடும்.

இதில் ஒரு விஷயத்தை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பூட்டு கள்ளப் பதிப்பை மட்டும் தடுக்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மாமா முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பிய அசல் வட்டையும் ஜப்பானியக் கருவியில் ஓடவிடாமல் தடுத்தது. திருடனுக்குப் போட்ட பூட்டு, காசு கொடுத்தவனையும் வெளியே நிறுத்தியது.

நம் அரசாங்கம் கள்ளப் பதிப்பை ஒடுக்கக் கடுமையாகவே இறங்கியது. 2000இல் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. 2012 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த காப்புரிமைத் திருத்தச் சட்டம், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் 36ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதும், உடைக்கும் சாதனத்தை விற்பதும், உடைத்துக் கொடுக்கும் சேவை செய்வதும் அதற்குப் பிறகு சட்டவிரோதம். அடுத்த மாதமே அமெரிக்கா தன் அறிவுசார் சொத்துக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து மலேசியாவை நீக்கியது. ஆகவே, 'மோட் பண்ணித் தருகிறோம்' என்று இன்றைக்கும் ஒரு கடை பலகை வைத்தால் அது சட்டத்தோடு மோதும் பலகை. அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை.

சட்டமும் சோதனையும் செய்ததைவிடப் பெரிய மாற்றத்தை இணையம் செய்தது. 2002 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியது. சந்தா கட்டி, உலகின் மறுமூலையில் இருப்பவரோடு விளையாடும் சேவை அது. சோனி 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது இணைய ஆட்டத்துக்குச் சந்தா கேட்கத் தொடங்கியது. நிண்டெண்டோ 2018 செப்டம்பரில் சேர்ந்துகொண்டது. கருவி தனித்து நின்ற காலத்தில், விற்ற பிறகு நிறுவனத்தின் கை அதற்கு எட்டாது. ஒவ்வொரு இரவும் அது நிறுவனத்தின் கணினியோடு பேச ஆரம்பித்த பிறகு, கேள்வி கேட்கவும் சோதிக்கவும் கதவை அடைக்கவும் வழி பிறந்தது.

மாற்றிய எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளை மைக்ரோசாஃப்ட் முதலில் தடை செய்தது 2007 மே மாதம். பெரிய வீச்சு 2009 நவம்பரில் வந்தது. 'மாடர்ன் வார்ஃபேர் 2' என்ற கேம் நவம்பர் 10 அன்று வெளியானது; உலகமே அதற்குக் காத்திருந்தது. அதே வாரத்தில் தடையும் விழுந்தது. தடைக்கு உள்ளான கருவிகள் 6 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை இருக்கும் என்று அப்போதைய செய்திகள் மதிப்பிட்டன. மைக்ரோசாஃப்ட் எண்ணிக்கை சொல்லவில்லை. 2 கோடி உறுப்பினர்களில் சிறு பங்கு என்றது, அவ்வளவுதான். அந்தக் கருவிகளில் பெரும்பாலும் சிப்கூட இல்லை. டிவிடி டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றி எழுதி, நகல் வட்டை அசல் என்று நம்ப வைத்திருந்தார்கள்.

அந்தத் தடையின் முக்கியப் பகுதி எனக்குச் சரியென்றே படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அதே 2009இல் எக்ஸ்பாக்ஸ் 360க்குள் வேறொரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஜேடேக் என்று விளையாட்டுக்காரர்கள் சொல்வது அதைத்தான். அதன் வழியே நுழைந்தவர்கள் நகல் கேம் ஓட்டியதோடு நிற்கவில்லை. கேமின் விதிகளையே மாற்றினார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவனைப் பார்ப்பது, குறி தானாகப் போய் எதிராளியின் தலையில் நிற்பது, சாகாமல் ஓடுவது, எல்லாம் நடந்தது. பள்ளி முடிந்து வந்து, வீட்டுப்பாடம் எழுதி, அம்மாவிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி உட்காரும் பையனுக்கு அந்த ஒரு மணி நேரம் பாழ். அவன் சந்தா கட்டியவன். விதிப்படி விளையாடுபவன். அவனுக்கு நிறுவனம் கொடுத்த வாக்கு, ஆட்டம் நேர்மையாக நடக்கும் என்பது. விதியை மாற்றிய கருவியை வாசலிலேயே நிறுத்தாவிட்டால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. சேவை அவர்களுடையது; வாசலில் சோதனை போட அவர்களுக்கு உரிமை உண்டு. இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கேம் எழுதுபவனின் உழைப்பும் கணக்கில் வரவேண்டும். வட்டை நகலெடுப்பது யாருக்கும் நஷ்டமில்லாத காரியம் என்று பல இளைஞர்கள் நினைக்கிறார்கள். ஒரு கேமை உருவாக்க நூற்றுக்கணக்கானவர்கள் சில ஆண்டுகள் வேலை செய்கிறார்கள். அவர்களும் மாதச் சம்பளக்காரர்கள்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மறுப்புக்கு வருகிறேன்.

2009 தடை இணையக் கதவை அடைத்ததோடு நிற்கவில்லை. தடை விழுந்த கருவியில் கேமை வன்தட்டில் பதிவு செய்துகொள்ளும் வசதியும் போனது. கணினியிலிருக்கும் படத்தையும் பாட்டையும் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் வசதியும் போனது. இவற்றுக்கும் எதிராளியோடு விளையாடுவதற்கும் என்ன தொடர்பு? ஒரு ஆட்டக்காரன் முறைகேடு செய்தால் நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பலாம். அவன் வீட்டுக்குப் போய்க் காலணியைக் கொளுத்தும் அதிகாரம் நடுவருக்கு இல்லை.

அடுத்தது, தடை ஆளின் மேல் விழவில்லை, பெட்டியின் மேல் விழுந்தது. மாற்றம் செய்தவர் தன் கணக்கை எடுத்துக்கொண்டு புதுக் கருவிக்குப் போய்விடலாம். பழைய கருவியோ இரண்டாம் கைச் சந்தைக்கு வந்தது. தடை வந்த சில நாட்களிலேயே உலகெங்கும் இணையச் சந்தைகளில் எக்ஸ்பாக்ஸ் குவிந்தது. தப்பு செய்தவர் பாதி விலையை மீட்டுக்கொண்டார். மகனின் பிறந்தநாளுக்கு மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய தகப்பன் தண்டனையை வாங்கிக்கொண்டான். பினாங்கைப் போன்ற ஊரில் இது பெரிய விஷயம். இங்கே நடுத்தரக் குடும்பங்களின் கேம் சந்தை என்பதே இரண்டாம் கைச் சந்தைதான். பிராங்கின் மாலில் ஒரு சுற்று சுற்றினால் புரியும்.

மூன்றாவதாக ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இதுதான் என்னை அதிகம் வருத்துவது. சோனி பிளேஸ்டேஷன் 3ஐ விற்றபோது, அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கணினியாகவும் பயன்படுத்தலாம் என்று தானே விளம்பரம் செய்தது. பல்கலைக்கழகங்கள் வாங்கின. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 1,760 பிளேஸ்டேஷன் 3 கருவிகளைச் சேர்த்து ஒரு மீக்கணினியே கட்டியது. 2010 ஏப்ரல் 1 அன்று சோனி ஒரு புதுப்பிப்பை வெளியிட்டு அந்த வசதியை எடுத்துவிட்டது. புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அப்போது பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியாது. லினக்ஸ் வேண்டுமா, இணைய ஆட்டம் வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்றது நிறுவனம். இரண்டுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினார்கள்? இங்கே கருவியை மாற்றியது யார்? வாங்கியவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. விற்றவரே விற்ற பிறகு மாற்றினார். அதை ஏற்காதவரின் கருவிதான் வெளியே நின்றது.

நம் ஊர்ப் பிள்ளைகளை எண்ணியே இதைச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸில் இன்டெல் தொழிற்சாலை 1972இல் தொடங்கியது. இந்தத் தீவின் எத்தனையோ குடும்பங்கள் சிப்பைச் சோதித்தும் பொருத்தியும் பிழைத்திருக்கின்றன. பொருளைத் திறந்து பார்க்கும் கை இந்த ஊரின் சொத்து. கள்ள நகல் ஓட்டுபவனையும், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியத் திறப்பவனையும் ஒரே கூண்டில் நிறுத்தக்கூடாது. இரண்டையும் பிரிக்க முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் உருவாக்குநர் பயன்முறை ஒன்றைத் திறந்துவிட்டது. பதிவு செய்தால், கடையில் வாங்கிய சாதாரணக் கருவியிலேயே நாம் எழுதிய மென்பொருளை ஓட்டலாம். மற்றவர் ஆட்டம் கெடவில்லை. மனம் இருந்தால் செய்ய முடிகிறது.

நிண்டெண்டோவுக்கு வருவோம். 2018 ஏப்ரலில் ஸ்விட்ச் கருவியின் என்விடியா சில்லில் ஓர் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. தொழிற்சாலையிலேயே பதிந்துவிட்ட ஓட்டை. புதுப்பிப்பு அனுப்பி அடைக்க வழியில்லை. எனவே நிண்டெண்டோ இணைய வாசலில் காவலை இறுக்கியது. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. ஒவ்வொரு கேம் அட்டைக்கும் தனி அடையாளம் உண்டு. ஒரே அட்டையின் அடையாளம் இரண்டு கருவிகளிலிருந்து வந்தால் ஒன்று நகல் என்று தெரிந்துவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அசல் எது, நகல் எது என்பதை அந்த அடையாளம் சொல்லாது. ஒருவன் அட்டையை நகலெடுத்து வைத்துக்கொண்டு அசலை விற்றுவிட்டால், அசலைக் காசு கொடுத்து வாங்கியவனும் மாட்டிக்கொள்வான். 2025இல் ஸ்விட்ச் 2 வந்ததும் இதுவே நடந்தது. பழைய கேம் அட்டைகளை இரண்டாம் கையாக வாங்கிப் போட்ட ஒருவரின் புதுக் கருவி தடைக்கு உள்ளானது. அவர் அட்டைகளின் படத்தையும் வாங்கிய விளம்பரத்தையும் அனுப்பிய பிறகு நிறுவனம் தடையை நீக்கியது. நீக்கியதைப் பாராட்டுகிறேன். ஆனால் குற்றமற்றவன்தான் தன் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது.

பூட்டை உடைக்கும் சாதனத்தை விற்றுப் பெரும் பணம் பார்த்தவர்களுக்கு நீதிமன்றம் இருக்கிறது. டீம் எக்ஸிக்யூட்டர் என்ற கூட்டத்தைச் சேர்ந்த கேரி பவுசர் 2020இல் பிடிபட்டு, 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் 40 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தத் தண்டனை அதிகமா குறைவா என்று வாதாடலாம். ஆனால் அவருக்கு வழக்கறிஞர் இருந்தார், நீதிபதி இருந்தார், தீர்ப்பில் காரணம் இருந்தது. ஒரு சாதாரணப் பயனீட்டாளருக்குக் கிடைப்பது பிழை எண் மட்டுமே.

2025 மே மாதம் நிண்டெண்டோ தன் கணக்கு ஒப்பந்தத்தைத் திருத்தியது. அமெரிக்காவுக்கான உரையில், விதியை மீறினால் சேவையை மட்டுமல்லாமல் சாதனத்தையே முழுதாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயனற்றதாக்கலாம் என்று எழுதியிருக்கிறது. ஐரோப்பாவுக்கான உரையில் அப்படி இல்லை. டிஜிட்டல் பொருள் பயனற்றுப் போகலாம் என்பதோடு அது நிற்கிறது. அதே நிறுவனம், அதே கருவி, அதே மாதம். ஐரோப்பாவில் பயனீட்டாளர் சட்டம் பல் உள்ள சட்டம் என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்பது என் முடிவு. பிரேசிலில் சாவ் பாவுலோ மாநிலப் பயனீட்டாளர் அமைப்பு அந்த வாசகத்தை எதிர்த்துக் கேள்வி எழுப்பியது. கேட்கிற இடத்தில் நிறுவனம் தன் பேனாவை நிறுத்திக்கொள்கிறது.

ஆஸ்திரேலியாவிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பிளேஸ்டேஷனுக்குச் சிப் போட்டு விற்ற எடி ஸ்டீவன்ஸ் மேல் சோனி வழக்குப் போட்டது. அந்த நாட்டின் பயனீட்டாளர் ஆணையம் தானாக முன்வந்து, வெளிநாட்டில் வாங்கிய அசலையும் இந்தப் பூட்டு தடுக்கிறதே என்று நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது. 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஸ்டீவன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் மறு ஆண்டே ஆஸ்திரேலியா சட்டத்தை மாற்றிக்கொண்டது வேறு விஷயம். ஓர் அரசு ஆணையம், கேம் விளையாடும் பிள்ளைகளுக்காக வாதாடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கவில்லை. அதைத்தான் நான் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பினாங்குக்கு இது அந்நியமான வழி இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969இல் பிறந்த ஊர் இது. அதன் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ் அவர்கள் 2019இல் மறையும்வரை, கலப்பட உணவிலிருந்து கடற்கரை மண் வரை எதையும் சின்ன விஷயம் என்று ஒதுக்கியதில்லை. அந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வியும் கிளம்ப வேண்டும்.

கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் ஒரு பகுதி சேர்த்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமான, நியாயமற்ற வாசகம் இருந்தால் அதைச் செல்லாது என்று அறிவிக்க அது இடம் தருகிறது. யாரும் படிக்க முடியாத நீளத்தில் எழுதி, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளித்து வைத்த வாசகம், காசு கொடுத்து வாங்கிய பொருளை விசாரணையின்றி முடக்க அனுமதிக்கிறது என்றால், அது நியாயமற்றது என்றே நான் வாதிடுவேன். வெளிநாட்டு நிறுவனத்தை இங்கே இழுத்துவந்து பதில் சொல்ல வைப்பது எளிதில்லை என்பது உண்மை. அதனால்தான் தனியாள் போராடும் விஷயமாக இதை விடக்கூடாது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இதில் நேரடியாகத் தலையிட வேண்டும். தடை என்றால் காரணம் எழுத்தில் தர வேண்டும். முறையீடு செய்ய வழி வேண்டும். அதை மனிதர் ஒருவர் படித்துப் பதில் சொல்ல வேண்டும். இணைய ஆட்டத்தைத் தாண்டி, தனியே ஓடும் கேமும் வாங்கிச் சேர்த்த கேம்களும் முடங்கக்கூடாது. வரிசை எண்ணைப் போட்டால் கருவிக்குத் தடை உண்டா என்று வாங்குமுன்பே பார்க்கும் வசதியை ஒவ்வொரு நிறுவனமும் திறந்துவைக்க வேண்டும். திருட்டுக் கைப்பேசியைக் கண்டுபிடிக்க எண் இருக்கிறதே, கேம் கருவிக்கு ஏன் கூடாது?

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றிய கருவியோடு இணைய ஆட்டத்துக்குள் போகாதீர்கள். அங்கே எதிரே உட்கார்ந்திருப்பது நிறுவனம் இல்லை, உங்களைப் போன்ற இன்னொரு பிள்ளை. மாற்றிய கருவியை விற்பதானால், மாற்றியது என்று வாய்விட்டுச் சொல்லி விற்றுவிடுங்கள். மறைத்து விற்பது, நிறுவனம் செய்யும் அநியாயத்தைவிடக் கீழானது.

பெற்றோர்களே, இரண்டாம் கைக் கருவி வாங்கும்போது காசைக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே இணையத்தில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். கருவியின் விளக்கு எரிவதைக் காட்டினால் போதாது. இணையக் கடை திறக்க வேண்டும், ஓர் ஆட்டத்துக்குள் நுழைய வேண்டும். கேம் அட்டை வாங்கினால் ரசீதையும் விளம்பரத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். கடை வைத்து வியாபாரமாக விற்பவருக்கே பயனீட்டாளர் சட்டம் பொருந்தும். ஃபேஸ்புக்கில் தன் பழைய பொருளை விற்கும் தனியாளுக்குப் பொருந்தாது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டிக் கடைக்காரர் அந்தச் சட்டத்திலிருந்து தப்பிவிட முடியாது.

தடை விழுந்த கருவியை உங்கள் தலையில் கட்டிவிட்டால், மூன்று ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. மனுவுக்கான கட்டணம் 5 வெள்ளி.